சிமுலேட்டர் விமானமும் நாம் ஏறும் விமானமும்: விமானி அறையைப் பொருத்துவது எப்படி?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பல வீடுகளில் கணினித் திரையில் விமானம் பறக்கத் தொடங்கிவிடுகிறது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்த பிறகு இந்த ஆர்வம் நம் பிள்ளைகளிடமும் நன்றாகவே பரவியிருக்கிறது. சிலர் எக்ஸ்-பிளேன் வைத்திருக்கிறார்கள். ஏர் ஆசியாவின் சிவப்பு வண்ணத்தில் ஓர் ஏ320ஐத் தேர்ந்தெடுத்து, கே.எல்.ஐ.ஏ.விலிருந்து பினாங்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "அப்பா, தீபாவளிக்கு நாம் ஏறிப்போன அதே விமானம்" என்று பிள்ளை சொல்லும்போது நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலும் அது அதே விமானமாக இருப்பதில்லை. வெளியே பூசிய வண்ணம் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இயந்திரம், திரை, எடை அளவு, எச்சரிக்கைக் குரல் என்று பல வேறுபாடுகள் இருக்கும். பொழுதுபோக்குக்கு விளையாடுபவருக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. விமானியாக வேண்டும் என்ற எண்ணத்தோடு பழகும் பிள்ளைக்கு, எதைப் பழகுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே பெயர், வேறு வேறு அறை

புரோட்டோன் சாகா வாங்கப் போனால் எந்த ரகம் என்று கேட்பார்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் வசதிகள் ரகத்துக்கு ரகம் மாறும். விமானமும் அப்படித்தான் விற்பனையாகிறது. போயிங், ஏர்பஸ் இரண்டும் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் நீண்டதொரு தெரிவுப் பட்டியல் வைத்திருக்கின்றன. விமான நிறுவனம் தன் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்பத் தெரிவு செய்கிறது.

இது அழகு சார்ந்த விஷயம் மட்டுமன்று. 2018 அக்டோபர் 29ஆம் தேதி ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் 737 மேக்ஸ் விமானத்தில் 189 பேர் உயிரிழந்தனர். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்க அதில் இரண்டு உணரிகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவு காட்டினால் திரையில் ஓர் எச்சரிக்கை வர வேண்டும். எல்லா மேக்ஸ் விமானங்களிலும் இயங்க வேண்டிய அந்த எச்சரிக்கை, மென்பொருள் பிழையால், கோணத்தைத் திரையில் காட்டும் கூடுதல் வசதியை வாங்கிய நிறுவனங்களின் விமானங்களில் மட்டுமே இயங்கியது. லயன் ஏர் அந்த வசதியை வாங்கியிருக்கவில்லை. விபத்துக்கு இது ஒன்றே காரணம் அன்று. தவறான அளவை நம்பி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளிய எம்காஸ் என்ற தானியங்கி அமைப்புதான் அதில் பெரிய பங்கு வகித்தது. ஆனாலும் ஒரே பெயருள்ள இரண்டு விமானங்களில் ஒன்றில் இருக்கும் எச்சரிக்கை மற்றொன்றில் இல்லாமல் போகலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

முதல் படி: பதிவு எண்

"ஏர் ஆசியா ஏ320" என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். விமானத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கும் பதிவு எண்தான் அதன் அடையாள அட்டை. மலேசிய விமானங்களுக்கு அது 9எம் என்று தொடங்கும், சிங்கப்பூருக்கு 9வி. அடுத்த முறை விமான நிலையம் போகும்போது கண்ணாடி வழியே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் பயண எண்ணைத் தட்டினாலும் பதிவு எண் வரும்.

அதே செயலியில் விமான வகைக்கு நான்கு எழுத்துக் குறியீடு இருக்கும். ஏ320 என்றால் பழைய ஏ320. ஏ20என் என்றால் ஏ320நியோ. பி738 என்றால் 737-800. பி38எம் என்றால் 737 மேக்ஸ் 8. ஏடி75 என்பது ஏ.டி.ஆர். 72-500, ஏடி76 என்பது 72-600.

கண்ணால் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். மேக்ஸ் விமானத்தின் இயந்திரக் கூட்டின் பின்விளிம்பு ரம்பப்பல் போல இருக்கும். இறக்கை நுனி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். ஏர்பஸ்ஸில் இறக்கை நுனியை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஷார்க்லெட் எனப்படும் உயர்ந்த இறக்கை நுனியோடு வந்த முதல் ஏ320ஐ 2012 டிசம்பரில் ஏர் ஆசியாதான் பெற்றது. அது நியோ வருவதற்கு முந்திய காலம். ஆகவே ஷார்க்லெட் இருப்பதெல்லாம் நியோ ஆகிவிடாது. இயந்திரத்தின் முகத்தைப் பாருங்கள். ஏர் ஆசியாவின் நியோவில் முன்விசிறியின் குறுக்களவு ஏறக்குறைய 198 சென்டிமீட்டர். பழையதில் 173 சென்டிமீட்டர்தான்.

பலர் ஏமாறும் இடம் ஏ.டி.ஆர். சிமுலேட்டருக்குக் கிடைக்கும் ஏ.டி.ஆர். பெரும்பாலும் ஐந்து பெரிய திரைகள் கொண்ட 72-600. சுபாங்கிலிருந்து பறக்கும் ஃபயர்ஃபிளையின் ஏ.டி.ஆர். விமானங்களோ 72-500. அதன் அறையில் இயந்திர அளவுகளைக் காட்டுபவை வட்ட முள் கருவிகள். 72-600க்கு ஃபயர்ஃபிளை வண்ணம் பூசினாலும் உள்ளே இருப்பது வேறு அறைதான்.

இரண்டாம் படி: இயந்திரம்

ஏர் ஆசியாவின் பழைய ஏ320களில் இருப்பது சி.எஃப்.எம்.56 இயந்திரம். ஸ்கூட்டின் பழைய ஏ320களில் இருப்பது வி2500. இரண்டும் ஏ320தான். ஆனால் விமானி பார்க்கும் முதன்மை அளவே மாறிவிடுகிறது.

சி.எஃப்.எம். இயந்திரத்தின் விசையை என்1 என்ற அளவால் அமைக்கிறார்கள். முன்விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். வி2500 இயந்திரத்துக்கு ஈ.பி.ஆர். அளவு. இயந்திரத்துக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்துக்கும் பின்னால் வெளியேறும் காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் அது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் உட்கார்ந்தால் கண் தேடும் எண்ணே வேறு.

இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ், லீப் இயந்திரம் பூட்டிய ஏ320நியோ. ஏர் ஆசியாவின் நியோவிலும் லீப்தான். ஆகவே செலவில்லாமல் பொருத்திப் பார்க்க இது நல்ல தொடக்கம். பழைய ஏ320 வேண்டுமென்றால், விலைக்குக் கிடைக்கும் ஃபெனிக்ஸ் ஏ320இல் சி.எஃப்.எம்., வி2500 இரண்டும் உண்டு. ஸ்கூட்டின் நியோவில் இருப்பது பிராட் அண்ட் விட்னி இயந்திரம் என்பதையும் நினைவில் வையுங்கள். 737-800இல் இந்தச் சிக்கல் இல்லை. எல்லா 737-800க்கும் சி.எஃப்.எம்.56-7பி ஒன்றுதான்.

மூன்றாம் படி: அளவுகள்

சிமுலேட்டர் மென்பொருள்கள் பல அமெரிக்க வழக்கத்தோடு வருகின்றன. எடை பவுண்டில், காற்றழுத்தம் அங்குலத்தில், உயர மாற்ற எல்லை 18,000 அடியில் இருக்கும். நம் நாட்டு விமானங்களில் எடையும் எரிபொருளும் கிலோகிராமில், காற்றழுத்தம் ஹெக்டோபாஸ்கலில். உள்ளூர் காற்றழுத்தத்தை விட்டு 1013க்கு மாற்றும் எல்லை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 11,000 அடி. 737இன் கணினியில் 18,000 என்றே விட்டுவைத்தால், நினைவூட்டல் தவறான உயரத்தில் வரும்.

அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1983 ஜூலை 23ஆம் தேதி ஏர் கனடாவின் புதிய 767 ஒன்றுக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. கணக்கில் பவுண்டும் கிலோவும் குழம்பியதால் ஏறத்தாழ அதில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பினார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானிகள் மிதந்தபடியே கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறக்கி, விமானத்தில் இருந்த 69 பேரையும் காப்பாற்றினார்கள்.

விமானி அறையின் டேப்லெட்டிலோ அமைப்புப் பக்கத்திலோ கிலோகிராம் என்று மாற்றிவிடுங்கள். பயணத் திட்டம் தயாரிக்கும் சிம்பிரீஃப் தளத்திலும் அதே அளவை வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகே எரிபொருள் ஏற்றுங்கள்.

நான்காம் படி: திரைகளும் தெரிவுகளும்

விமான நிறுவனங்கள் தங்கள் தெரிவுப் பட்டியலை வெளியிடுவதில்லை. ஆனால் ஜெட்ஃபோட்டோஸ், ஏர்லைனர்ஸ்.நெட் போன்ற படத்தளங்களில் பதிவு எண்ணைக் கொடுத்துத் தேடினால் சில விமானங்களுக்கு விமானி அறைப் படமே கிடைக்கும். படம் எடுத்த தேதியைப் பாருங்கள். விமானம் கைமாறியிருந்தால் பழைய படம் பயன்படாது.

737-800 படத்தில் கவனிக்க வேண்டியவை: வழிகாட்டும் கோடு சிலுவை வடிவமா, கூரை வடிவமா? மாற்றுக் கருவி ஒரே மின்திரையா, தனித்தனி வட்டக் கருவிகளா? தலைமை விமானியின் கண் முன்னே தகவல் காட்டும் கண்ணாடி உண்டா? இயந்திர அளவுகள் பக்கத்தில் பக்கத்திலா, மேலும் கீழுமாகவா?

ஏ320 படத்தில்: மாற்றுக் கருவி மின்திரையா, வட்டக் கருவிகளா? சக்கரத் தடை அருகே விசிறிப் பொத்தான் இருக்கிறதா? சூடான பிரேக்கை விரைவில் குளிரவைக்கும் அந்த விசிறியைக் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் அந்தப் பொத்தான்.

பார்த்ததைச் சிமுலேட்டரின் தெரிவுப் பக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஏ32என்எக்ஸ் டேப்லெட்டில் இதற்குப் 'பின் புரோகிராம்' என்ற பக்கமே இருக்கிறது. நிஜ விமானத்திலும் பல வசதிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். இணைப்பு முனைகளை மாற்றித்தான் அவற்றை இயக்குவார்கள். அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் 737இலும் இதுபோன்ற தெரிவுகள் ஏராளம்.

வழிசெலுத்தும் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மலேசியாவின் வான்வழித் தகவல் தொகுப்பைப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சிங்கப்பூருக்கும் அப்படியே. ஓடுபாதை, ஏறும் வழி, இறங்கும் வழி எல்லாம் அதில் உண்டு.

ஐந்தாம் படி: கையும் கண்ணும்

ஏர்பஸ்ஸில் சைட்ஸ்டிக், 737இல் இரு கையால் பிடிக்கும் யோக். ஏர்பஸ்ஸில் தானியங்கி விசை இயங்கும்போது த்ரஸ்ட் லீவர் அசையாது. 737இல் தானாக நகரும். ஏர்பஸ் லீவரில் படிப்படியான நிறுத்தங்கள் உண்டு. வீட்டு லீவரின் ஒவ்வொரு நிலையையும் அளவமைப்புப் பக்கத்தில் பதிவு செய்யாவிட்டால், ஏறும் நிலையில் வைத்ததாக நாம் நினைப்போம், விமானம் வேறு நினைக்கும்.

இருக்கை உயரமும் முக்கியம். ஏர்பஸ்ஸின் முன்கண்ணாடி நடுச்சட்டத்தில் சிறு பந்துகள் இருக்கும். சிவப்புப் பந்து வெள்ளைப் பந்தை மறைத்தால் கண் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். திரையில் பார்வை நிலையையும் அப்படியே வையுங்கள். பார்வை உயரம் தவறினால் ஓடுபாதை வேறு மாதிரி தெரியும். இறங்கும்போது தடுமாற்றம் வரும்.

பெற்றோர் அறிய வேண்டியது

எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் வீட்டுக் கணினியில் பறந்த மணி நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேராது. ஆணையம் அங்கீகரித்த பயிற்சிக் கருவியில் பெறும் மணி நேரமே, அதுவும் வரம்புக்குட்பட்டே, சேரும். இதைச் சொல்லாமல் விலை உயர்ந்த கருவிகளை வாங்கத் தூண்டுபவர்களிடம் கவனமாக இருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பயிற்சிப் பள்ளியில் சேரும் மாணவர் முதல் நாளில் ஏ320இல் உட்காரப் போவதில்லை. செஸ்னா 172, பைப்பர் வாரியர், டைமண்ட் போன்ற சிறு விமானத்தில்தான் தொடங்குவார். திரையையே பார்த்துப் பழகியவர்கள் அங்கே வெளியே பார்க்க மறந்து திட்டு வாங்குவது வழக்கம். ஆகவே பிள்ளை உண்மையிலேயே விமானியாக விரும்பினால், சேர நினைக்கும் பள்ளி எந்தச் சிறு விமானம் வைத்திருக்கிறது, அதில் வட்டக் கருவிகளா மின்திரையா என்று கேளுங்கள். வீட்டில் முதலில் பொருத்த வேண்டிய அறை அதுதான். கட்டணம் கட்டுவதற்கு முன் முதல் தர மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

சுருக்கமாக

1. பதிவு எண்ணைக் கொண்டு ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. அதன் துல்லியமான வகையையும் இயந்திரத்தையும் உறுதி செய்யுங்கள்.
3. கிலோகிராம், ஹெக்டோபாஸ்கல், 11,000 அடி ஆகிய மூன்றையும் முதலில் மாற்றுங்கள்.
4. அறைப் படத்தைப் பார்த்துத் திரைத் தெரிவுகளைப் பொருத்துங்கள்.
5. லீவர், ஸ்டிக், பார்வை உயரம் மூன்றையும் அளவமையுங்கள்.
6. செய்த மாற்றங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மென்பொருள் புதுப்பிக்கும்போது அவை பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும்.

இதெல்லாம் முடிய ஒரு மாலைப்பொழுது ஆகலாம். அடுத்த முறை குடும்பத்தோடு விமானம் ஏறும்போது, வாசலிலேயே பிள்ளை பதிவு எண்ணைப் பார்த்து, "இது நியோ, லீப் இயந்திரம்" என்று சொல்லும். அப்போது அது சொல்வது சரியாகவும் இருக்கும்.