அல்சீரியாவில் ஆண்மையும் ஆண்களின் உளநலமும்

வட ஆப்பிரிக்க நாடான அல்சீரியாவில் ஆண்மை என்பது ருஜ்லா என்ற அரபுப் பேச்சுவழக்குச் சொல்லால் குறிக்கப்படுகிறது. ஆண் எனப் பொருள்படும் ரஜுல் என்பதிலிருந்து பிறந்த இச்சொல், உடல் வலிமையை மட்டுமன்றிச் சொன்ன சொல் தவறாமை, அஞ்சாமை, குடும்பத்தைக் காத்தல், துயரை வெளிக்காட்டாமை ஆகியவற்றையும் சேர்த்தே சுட்டும். கபிலியப் பெர்பெர் மொழியில் இதற்கு இணையான சொல் திர்ருக்சா ஆகும். குடியேற்ற ஆட்சி, விடுதலைப் போர், வேலையின்மை, 1990களின் உள்நாட்டுப் போர் ஆகியன இந்த இலட்சியத்தை அடைவதைப் பல தலைமுறை ஆண்களுக்குக் கடினமாக்கின. இலட்சியத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான இவ்விடைவெளியே அந்நாட்டு ஆண்களின் உளநலம் பற்றிய ஆய்வுகளிலும் கலைப் படைப்புகளிலும் மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது.

மானமும் வெளியும்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1950களின் இறுதியில் கபிலிய மலைப்பகுதியில் கள ஆய்வு செய்தார். அங்கு ஆணின் மானம் நிஃப் எனப்பட்டது. இச்சொல்லின் நேர்பொருள் மூக்கு என்பதாகும். நிஃப் உடையவன் பிறர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பவன். அறைகூவலுக்குப் பதில் தருபவன். வீட்டின் உட்புறம் பெண்களுக்குரியது. வயலும் சந்தையும் ஊர்மன்றமும் ஆண்களுக்குரியவை. பகற்பொழுதில் வீட்டிலேயே தங்கியிருக்கும் ஆண் ஐயத்துக்கும் நகைப்புக்கும் உள்ளாவான். 1998இல் வெளியான ஆண் ஆதிக்கம் பற்றிய தமது நூலில் பூர்தியூ இவ்வாய்வுக்குத் திரும்பி, ஆதிக்கம் செலுத்துபவனும் ஓயாது தன்னை மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகிறான் என வாதிட்டார். அவர் விவரித்தது ஓர் உழவர் சமூகத்தை. அதை நாடு முழுவதற்கும் அப்படியே பொருத்துவது தவறாகும். எனினும் பகலில் வீடு ஆணுக்குரிய இடமன்று என்ற எண்ணம் நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. அதன் விளைவு கீழே கூறப்படுகிறது.

குடியேற்றக்கால உளமருத்துவம்

அந்துவான் போரோ என்பவரைத் தலைவராகக் கொண்ட அல்சியர்சு உளமருத்துவப் பள்ளி, அல்சீரிய முசுலிம் ஆணை இயல்பிலேயே வன்முறைத் தூண்டலுக்கு ஆட்பட்டவன், மூளை வளர்ச்சியில் தாழ்ந்தவன் எனச் சித்திரித்தது. மருத்துவப் பாடமாகவே கற்பிக்கப்பட்ட இக்கருத்து, நிலம் பறிபோனமை, வறுமை, அவமதிப்பு போன்றவற்றை நோய்க்காரணங்களாகக் கருதவில்லை.

மார்த்தினிக்கில் பிறந்த உளமருத்துவர் பிரான்சு ஃபனோன் 1953 நவம்பரில் பிளிடா-சுவான்வில் மருத்துவமனையில் பணியேற்றார். ஐரோப்பியப் பெண்கள் 165 பேரும் முசுலிம் ஆண்கள் 220 பேரும் அவரது பொறுப்பில் இருந்தனர். நோயாளரைக் கூட்டு வாழ்வில் ஈடுபடுத்தும் சமூக மருத்துவ முறையை இரு பிரிவுகளிலும் அவர் தொடங்கினார். விழாக்கள், திரைப்படங்கள், விடுதி இதழ், கைவினை வகுப்பு ஆகியவை பெண்கள் பிரிவில் விரைவில் பலன் தந்தன. ஆண்கள் பிரிவில் பல மாதங்கள் கழிந்தும் எதுவும் நடக்கவில்லை.

இத்தோல்வியைப் பற்றி ஃபனோனும் அவரது மாணவர் சாக் அசுலேயும் 1954இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. பிழை நோயாளரிடம் இல்லை, முறையிலேயே இருந்தது என்பது அவர்களின் முடிவு. நார் பின்னுதல் பெண்களின் வேலை எனக் கருதிய உழவர்கள் அதைத் தொட மறுத்தனர். எழுத்தறியாதவர்களுக்கு இதழால் பயனில்லை. மருத்துவரின் சொற்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே வந்தன; ஆனால் மொழிபெயர்ப்பாளரை அவர்கள் அதுவரை கண்டது நீதிமன்றத்திலும் காவல் அலுவலகத்திலும்தான். பின்னர் மருத்துவமனைக்குள் மூரிசு காப்பிக்கடை ஒன்று திறக்கப்பட்டது; முசுலிம் பெருநாள்கள் கொண்டாடப்பட்டன; கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். ஆண்கள் ஆண்களோடு அமர்ந்து பேசும் பழகிய இடம் கிடைத்தபோது நோயாளர் மெல்லப் பங்கேற்கத் தொடங்கினர்.

ஃபனோன் 1956இல் பதவி விலகினார். 1961இல் வெளியான அவரது இறுதி நூலின் ஓர் அத்தியாயம், போர்க்கால உளநோய் நேர்வுகளைத் தொகுத்துத் தருகிறது. அதில் முதலாவது, தலைவலி, உறக்கமின்மை, ஆண்மைக்குறைவு ஆகியவற்றுடன் வந்த விடுதலைப் போராளி ஒருவருடையது. அவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் அவருடைய மனைவி பிரெஞ்சுப் படையினரால் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டிருந்தார். மனைவியின் உறுதிக்குத் தாம் கடன்பட்டிருப்பதை உணர்ந்தும் அவமான உணர்விலிருந்து அவரால் மீள முடியவில்லை. சித்திரவதை செய்த காவல் அதிகாரி தம் வீட்டில் மனைவி மக்களையும் அடித்துத் துன்புறுத்திய நேர்வும் அதே அத்தியாயத்தில் உண்டு.

ஓமர் கத்லாத்தோ

1962இல் விடுதலை கிடைத்தபின் போராளியே நாட்டின் முன்மாதிரி ஆணாக முன்னிறுத்தப்பட்டான். அந்த நிழலில் வளர்ந்த தலைமுறையைப் பற்றி மெர்சாக் அல்லுவாசு 1976இல் இயக்கிய திரைப்படம் ஓமர் கத்லாத்தோ. "ஓமர், அவனை ஆண்மை கொன்றது" என்ற பொருளுடைய தொடரின் சுருக்கமே இப்பெயர். நகை வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் பணிபுரியும் ஓமர், பெரிய குடும்பத்துடன் நெருக்கடியான சிறு வீட்டில் வசிக்கிறான். சாபி இசையும் இந்தித் திரைப்படப் பாடல்களும் அவனது உயிர். அவற்றை ஒலிநாடாவில் பதிவு செய்து சேர்க்கிறான். தற்செயலாகக் கிடைத்த நாடாவில் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டு அவளை விரும்புகிறான். நண்பர்கள் நடுவே வாய்வீச்சுக் காட்டும் அவன், அவளைச் சந்திக்க வந்த நாளில் தெருவைக் கடந்து செல்ல இயலாமல் நின்றுவிடுகிறான். அல்சீரியத் திரைப்படங்கள் பெரும்பாலும் விடுதலைப் போரையே பாடிய காலத்தில், அச்சமும் தனிமையும் கொண்ட ஓர் எளிய இளைஞனைக் காட்டியது இப்படத்தின் சிறப்பு.

சுவரில் சாய்பவர்கள்

1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தபின் வேலையின்மை பெருகியது. வேலையற்ற இளைஞர்கள் ஹித்திசுத்து எனப்பட்டனர். சுவர் எனப் பொருள்படும் ஹீத் என்ற அரபுச் சொல்லுடன் பிரெஞ்சு விகுதி சேர்ந்து உருவான இச்சொல், நாளெல்லாம் சுவரில் சாய்ந்து நிற்பவன் என்பதைக் கேலியாகக் குறிக்கும். கேலியின் பின்னே எளிய காரணம் உண்டு: ஒரே அறையில் பலர் வாழும் வீட்டில் வளர்ந்த மகனுக்குப் பகலில் இடமில்லை, வீட்டில் இருப்பது மரபுப்படி இழுக்கு, வேறிடம் போகப் பணமும் இல்லை. எஞ்சியது சுவரே. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமையை 1984ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் கணவன் மீது சுமத்தியுள்ளது. ஆதலால் வேலையும் வீடும் இல்லாதவனுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. முழு ஆண் என்ற தகுதியும் உடன் தள்ளிப்போகிறது.

1988 அக்டோபரில் இளைஞர்கள் கலவரத்தில் இறங்கினர். படையினர் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். கைதான பலர் சித்திரவதைக்கு உள்ளாயினர். அதிகாரத்தில் உள்ளோர் காட்டும் இழிவைக் குறிக்கும் ஹொக்ரா என்ற சொல், அல்சீரிய இளைஞர்கள் தம் மனவேதனைக்குத் தரும் முதன்மை விளக்கமாக இன்றும் விளங்குகிறது.

கறுப்புப் பத்தாண்டு

1992இல் தேர்தல் நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரில் ஒன்று முதல் இரண்டு இலட்சம் பேர் வரை இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. இளம் ஆண்கள் இருபுறமும் அகப்பட்டனர். கட்டாயப் படைச்சேவைக்குச் சென்றவனை ஆயுதக் குழுக்கள் போலிச் சாலைத் தடுப்புகளில் கொன்றன. செல்லாதவன் அரசின் ஐயத்துக்கு ஆளானான். காணாமற்போன பல ஆயிரம் பேரில் பெரும்பாலோர் ஆண்கள். உளமருத்துவர் மஹ்ஃபூத் பூசெப்சி 1993 சூன் 15 அன்று தமது மருத்துவமனையின் அருகே கொல்லப்பட்டார். காதல் தோல்வியையும் கண்ணீரையும் மறைக்காது பாடிய ராய் பாடகர் செப் ஹசுனி, 1994 செப்டம்பர் 29 அன்று ஓரான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆணின் துயரத்துக்குப் பொதுவெளியில் குரல் கொடுத்த மிகச் சிலருள் அவரும் ஒருவர்.

2005ஆம் ஆண்டு நல்லிணக்கப் பட்டயம் பொதுமன்னிப்பு வழங்கியது. அதைச் செயற்படுத்திய 2006ஆம் ஆண்டு ஆணை, "தேசியத் துயரத்தின்" காயங்களைப் பயன்படுத்தி அரசுக்கு ஊறு விளைவிப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. பேசுவதால் ஆறக்கூடிய காயங்களைப் பேசாமைக்கு உட்படுத்திய சட்டம் என இது குறைகூறப்படுகிறது.

எரிப்பவர்கள்

அனாபாவிலிருந்து சார்தீனியாவுக்கும், மேற்குக் கடற்கரையிலிருந்து எசுப்பானியாவுக்கும் சிறு படகுகளில் செல்வோர் ஹர்ரகா, அதாவது எரிப்பவர்கள் எனப்படுகின்றனர். எல்லையையும் அடையாள ஆவணங்களையும் எரிப்பது என்பதே இதன் பொருள். இவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். 2009இல் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறுதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. 2011 சனவரியில், தூனிசிய நிகழ்வையடுத்து, அல்சீரியாவிலும் பல ஆண்கள் தம்மைத் தாமே எரித்துக்கொண்டனர். தற்கொலை இசுலாத்தில் தடைசெய்யப்பட்டுள்ளதால் குடும்பங்கள் அத்தகைய இறப்புகளை மறைப்பதுண்டு. பதிவுகள் முழுமையானவை அல்ல.

உதவி நாடுதல்

உளமருத்துவரிடம் செல்பவன் பைத்தியக்காரன் என்ற அவப்பெயர் நீடிக்கிறது. எனவே பலர் முதலில் நாடுவது குர்ஆன் வசனங்களை ஓதிச் சிகிச்சை தரும் ராக்கியை ஆகும். துன்பத்துக்கு சின்னும் கண்ணேறும் காரணம் எனக் கூறப்படுவதால், ஆணின் மன உறுதி குறைபட்டதாகக் கருதப்படுவதில்லை. அவன் மானம் காக்கப்படுகிறது. அதே காரணத்தால் மருத்துவம் தாமதமாவதும் உண்டு. பெரும்பாலும் தலைவலி, நெஞ்சுவலி, களைப்பு போன்ற உடற்குறிகளாகவே ஆண்களின் மனச்சோர்வு வெளிப்படுகிறது.

ஆண்களின் துயரைப் பேசுவது அவர்களால் பெண்களுக்கு நேரும் துன்பத்தை மறைப்பதாகாது. 2015 திசம்பரில் இல்லற வன்முறையைக் குற்றமாக்கிய சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பாதிக்கப்பட்டவர் மன்னித்தால் வழக்கு முடிவுறும் அல்லது தண்டனை குறையும் என்ற விதி அதில் உள்ளது.

ஆண்கள் கூட்டமாகத் தம் மனத்தைத் திறக்கும் இடமாகக் காற்பந்துத் திடல் விளங்குகிறது. தலைநகரின் யூஎசுஎம் அல்சியர்சு அணி ஆதரவாளர்கள் 2018இல் வெளியிட்ட பாடல் ஒன்று, உறக்கமற்ற விடியலையும் போதையையும் ஆட்சியாளரையும் ஒருசேரப் பாடியது. 2019 பெப்ரவரி 22 அன்று தொடங்கிய ஹிராக் பேரணிகளில் ஆண்களும் பெண்களும் அதையே பாடிச் சென்றனர்.