மந்திரித்த தண்ணீரும் அணையா அடுப்பும்



உங்கள் பாட்டியின் பழைய செபப் புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், விசுவாச மந்திரம் என்றே அதில் தலைப்புகள் இருக்கும். வீட்டுக்குச் சாமியாரை அழைத்தால் ‘வீடு மந்திரிப்பு’. ஆலயத்திலிருந்து சீசாவில் கொண்டுவருவது ‘மந்திரித்த தண்ணீர்’. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு செபம், இறைவேண்டல், ஆசீர் என்ற சொற்கள் அந்த இடத்துக்கு வந்தன. ஆனாலும் கடலூர் பக்கத்துப் பேச்சில் பழைய சொல் இன்னும் போகவில்லை. கோயில் முடிந்து வெளியே வரும்போது, “சாமி, இந்தச் செபமாலையை மந்திரிச்சுக் குடுங்க” என்று நீட்டுகிறார்கள்.

அந்தச் சொல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. சிதம்பரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலரும் தம் நூலுக்குத் திருமந்திரம் என்ற பெயரையே பெற்றிருக்கிறார். மனத்தில் ஊன்றி, நாள்தோறும் சொல்லி, அதன்படி வாழவேண்டிய வாக்கு என்பது அச்சொல்லின் ஒரு பொருள். மந்திரவாதியும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார். அவரிடம் அது ஏவிவிடும் கருவி: பணம் கொடுத்தால் வேலை செய்யும், கொடுத்தவர் எப்படி வாழ்கிறார் என்று கேட்காது. ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. வடலூர் இராமலிங்க அடிகளாரின் வரலாறு அது.

அவர் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தார். சென்னையில் வளர்ந்து, பிறகு இந்தப் பக்கம் திரும்பிவந்து கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கினார். எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு விடியவிடிய எரிந்தது என்று அன்பர்கள் இன்றும் சொல்வது அந்தக் கருங்குழி வீட்டைப் பற்றித்தான். அவரைத் தேடிவந்த கூட்டத்தில் பாடல் கேட்க வந்தவர்கள் இருந்தார்கள். செம்பைப் பொன்னாக்கும் இரசவாதமும், நோய் தீர்க்கும் மருந்தும், சாவைத் தள்ளிப்போடும் காயகல்பமும் வேண்டி வந்தவர்களும் இருந்தார்கள். சித்தர்களைப் பற்றி நம் நாட்டில் காலங்காலமாக இருந்துவரும் எதிர்பார்ப்பு அது.

வந்தவர்களுக்கு அவர் என்ன கொடுத்தார் என்று பாருங்கள். 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தை அதற்காக எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து 1876-இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போனபோது, அந்த அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. மூட்டியவர் அப்போது இல்லை.

பஞ்சத்துக்கு முன்பே அவர் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதியிருந்தார். கடவுளின் அருளைப் பெற வழி, பசித்த உயிருக்குச் சோறிடுவதிலிருந்து தொடங்குகிறது என்பது அதன் சாரம். தவமும் மந்திரமும் செய்தும் இரக்கம் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறவாது என்ற பொருளில் அதில் வாதிடுகிறார்.

1872-இல் சத்திய ஞான சபையும் எழுந்தது. சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் வெட்டவெளியும் பொன் வில்வ மாலையும் ‘இரகசியம்’. வடலூரில் ஏழு திரைகளை நீக்கிக் கூடியிருக்கும் எல்லாருக்கும் ஒரு சுடரைக் காட்டுகிறார்கள். தைப்பூசத்தன்று நம் பங்குகளிலிருந்தும் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். சபைக்குள் நுழையக் கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத நம்மவர்களுக்கு அது கொஞ்சம் சிரமம்தான்! தருமசாலையில் அந்தக் கேள்வி கிடையாது. பசி இருந்தால் போதும். சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை.

ஆனாலும் மக்கள் அடுப்பைவிட அதிசயத்தையே அதிகம் பார்த்தார்கள். இதை மறைக்கக் கூடாது: அடிகளாரே சித்திகளைப் பற்றியும் மரணமில்லாப் பெருவாழ்வைப் பற்றியும் நிறையப் பாடினார், பேசினார். அதில் நம் விசுவாசமும் அவர் கொள்கையும் ஒன்றல்ல. உயிர்ப்பு என்பது இறைவன் தரும் கொடை என்று நாம் அறிக்கையிடுகிறோம். இறந்தவரை எரிக்காமல் புதைக்கவேண்டும் என்று அவர் சொன்னதை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் பதிவுசெய்திருக்கிறது. மாண்டவர் எழுவார் என்ற நம்பிக்கையில் பிராமணர்கள்கூடப் புதைக்கப்பட்டார்களாம். வேற்றூரில் இறந்தவர்களின் உடல்களையும் வடலூருக்குச் சுமந்துவந்து புதைத்தார்களாம். கோடை வெயிலில், வண்டிப் பாதையில், தாயையோ பிள்ளையையோ சுமந்து வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பெத்தானியாவில் மரியா அழுத அழுகைதான் அது. ஆனால் சோறு போடும் இடத்தைச் சாவை மாற்றும் இடமாக அவர்கள் ஆக்கிவிட்டார்கள்.

1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் அடிகளார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததுதான் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1875-இல் நியூயார்க்கில் பிளாவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தியாசபிகல் சங்கத்தைத் தொடங்கி, நான்கு ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தார்கள். அடிகளாரின் முதன்மைச் சீடரும், திருவருட்பாவை 1867-இல் அச்சேற்றியவருமான தொழுவூர் வேலாயுத முதலியார் அப்போது சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். அவர் 1882-இல் அந்தச் சங்கத்தாருக்குத் தம் குருவைப் பற்றி ஒரு வாக்குமூலம் கொடுத்தார். குருநாதர் இரசவாதம் அறிந்தவர், பிறர் மனத்தைப் படிப்பவர், ஒரு பார்வையிலேயே புலால் ஆசையைப் போக்குபவர் என்றெல்லாம் அதில் உண்டு. கடல் கடந்து ஆட்கள் வந்து இந்த உண்மையைப் பரப்புவார்கள் என்று குரு முன்பே சொன்னதாகவும், வந்தவர்கள் இவர்களே என்றும் சேர்த்துக்கொண்டார். சீடருக்குக் குருமேல் அன்பு குறைவில்லை. ஆனால் குருவின் பெருமையைச் சொல்லப் புகுந்தபோது முன்னால் வந்து நின்றவை இந்த ஆற்றல்கள்தாம்.

அந்த 1882-ஆம் ஆண்டின் இறுதியில் சங்கம் அடையாற்றில் குடியேறியது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் கூரையிலிருந்து விழுந்தன, மாடத்துக்குள் தோன்றின. 1884-இல் சங்கத்தில் வேலைபார்த்த கூலோம் தம்பதியர் கொடுத்த கடிதங்களைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. மறு ஆண்டு இலண்டனிலிருந்து ஆராய வந்தவர் இவை ஏமாற்று வேலை என்று அறிக்கை கொடுத்தார். அவர் ஆராய்ந்த முறையே சரியில்லை என்று நூறு ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதினார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். வழக்கு எப்படி இருந்தாலும், இன்று யாருக்கும் அந்தக் கடிதங்களால் ஆவது ஒன்றுமில்லை. அதே ஆல்காட் 1894-இல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரால் சென்னையில் இன்றும் ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போவது நல்ல பக்தி. எட்டாவது செவ்வாயில் காய்ச்சல் வந்து போகமுடியாவிட்டால் எல்லாம் வீண் என்று அஞ்சினால், அது எந்த வகை மந்திரம்? இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று முன்பு அஞ்சலட்டையில் வந்தது, இப்போது வாட்ஸாப்பில் வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2117-ஆம் எண்ணில் மாந்திரீகத்தையும் தாயத்தையும் கண்டிப்பது பலருக்குத் தெரியும். அதற்குச் சற்று முன், 2111-ஆம் எண்ணில், உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டுச் செபத்தின் வெளிச்செயலுக்கே பலன் உண்டு என்று நினைப்பதும் மூடநம்பிக்கையே என்கிறது. முதலாவது பக்கத்துத் தெருக்காரரைப் பற்றியது என்று நாம் தள்ளிவிடலாம். இரண்டாவது நம் சீசாவைப் பற்றியது.

பில்லி, சூனியம், ஏவல் என்று போகிறவர்களின் பணம் மட்டும் போவதில்லை. செய்வினை என்றால், செய்தவர் ஒருவர் வேண்டுமே! குழந்தை இல்லாத வீட்டில், கடன் ஏறிய வீட்டில், அந்த ஆள் பெரும்பாலும் ஓரகத்தியாகவோ பக்கத்து வீட்டு விதவையாகவோ இருப்பார். மந்திரவாதி பெயரைச் சொல்லவே வேண்டாம். “உங்களுக்கு நெருங்கின பொம்பளை, கிழக்குப் பக்கம்” என்றால் போதும். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கினாலும் சமாதான வாழ்த்துச் சொல்லிக்கொள்வதில்லை. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களும் இதற்கிடையில் போய்விடுகின்றன.

எபேசில் ஸ்கேவாவின் ஏழு மகன்கள் இயேசுவின் பெயரைக் கருவியாக்கிப் பேயோட்டப் பார்த்தார்கள். இயேசுவைத் தெரியும், பவுலைத் தெரியும், நீங்கள் யார் என்று கேட்டு அந்தப் பேய் அவர்களை அடித்து விரட்டியது. அதைக் கண்ட விசுவாசிகளில் பலர் தங்கள் மாயவித்தை நூல்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு. விசுவாசிகளாகிய பிறகும் அவ்வளவு நூல்கள் அவர்கள் வீட்டில் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோனும் திருமுழுக்குப் பெற்றவர்தான். பிலிப்புவின் கூடவே திரிந்தவர். திருத்தூதர்கள் கைகளை வைத்ததும் தூய ஆவி இறங்குவதைக் கண்டு, அந்த வித்தையைத் தமக்கும் விற்கும்படி பணத்தை நீட்டினார். பேதுரு கடுமையாகக் கண்டித்தார். பிற்கால நூல் ஒன்று அவரை உரோமை நகரில் ஆகாயத்தில் பறக்கவிட்டுக் கீழே விழச் செய்கிறது. லூக்கா அப்படி எதுவும் எழுதவில்லை. தமக்காக ஆண்டவரிடம் மன்றாடுங்கள் என்று சீமோன் பேதுருவிடம் கேட்டார் என்பதோடு நிறுத்திவிட்டு, திருத்தூதர்கள் வழியிலுள்ள ஊர்களில் நற்செய்தி அறிவித்துக்கொண்டே எருசலேமுக்குத் திரும்பியதைச் சொல்லப் போய்விடுகிறார்.