ஏற்றம்

ஏற்றம் என்பது கிணறு, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் நீரைத் துலாமரத்தின் துணையால் மேட்டுக்கு இறைக்கும் பழைய பொறியாகும். ஏரிப் பாசனத்தோடு கிணற்றுப் பாசனமும் கலந்த தொண்டை மண்டலத்தில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கொசஸ்தலையாறு, ஆரணியாறு பாயும் ஊர்கள் உட்பட, ஏரி வற்றிய பின் பயிரைக் காப்பாற்றிய கருவிகளுள் இது முதன்மையானது.

இதன் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, வயலுக்கு நீர் இறைப்போரின் ஓசையைச் சொல்லுமிடத்தில் ஏற்றத்தையும் ஆம்பி என்னும் இறைகருவியையும் சேர்த்தே கூறுகிறது. பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில், கொடையாக அளித்த ஊரின் வாய்க்காலில் பிறர் குற்றேத்தம், அதாவது சிறிய ஏற்றம், அமைத்தோ கூடையாலோ நீர் இறைக்கலாகாது என்னும் விதி இடம்பெறுகிறது. தடை விதிக்க வேண்டிய அளவுக்கு ஏற்றம் ஊர்தோறும் பரவியிருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

அமைப்பில் ஏற்றம் இருவகைப்படும். ஒருவரே தரையில் நின்று கழியைப் பிடித்து இழுக்க, துலாவின் பின்முனையில் கட்டிய கல் நீர்க்கலத்தை மேலே தூக்கும் கையேற்றம் எகிப்தின் ஷாதூஃபை ஒத்தது. ஆள் ஏறி மிதிக்கும் ஏற்றமே தமிழ்நாட்டின் சிறப்பு. இதில் கிணற்றங்கரையில் நட்ட ஏற்றக்கால்களின் தலையில் அச்சு பொருத்தி, அதன்மேல் நீண்ட துலாமரத்தைக் கிடத்துவர். மரத்தின் முன்முனையிலிருந்து மூங்கில் கழியும், கழியின் அடியில் சால் எனப்படும் நீர்க்கலமும் தொங்கும். மிதிப்பவர் கைப்பிடிக்கு நட்ட மூங்கிலைப் பற்றியபடி மரத்தின்மேல் கிணற்றை நோக்கி நடந்தால் முன்முனை தாழ்ந்து சால் நீரில் அமிழும். அவர் பின்னோக்கி நடந்ததும் உடலின் எடையே நிறைசாலை மேலே கொணர, கீழே பலகையில் நிற்பவர் அதைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றுவார். ஆழம் மிகுந்த கிணறுகளுக்கு மாடு பூட்டி இறைக்கும் கவலை என்னும் கருவியே ஏற்றது.

நீரிறைக்கும் காற்றாலைக்குக் காற்று வீச வேண்டும். ஏற்றத்துக்கு மனிதன் போதும் என்பதே அதன் வலிமையும் அதில் உழைத்தவர்களின் சுமையும் ஆகும்.

இறைத்த சால்களை எண்ணவும் களைப்பை மறக்கவும் பாடிய ஏற்றப்பாட்டு தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திய பாட்டின் அடுத்த அடியைக் கேட்கக் கம்பர் மறுநாள் வரை காத்திருந்தார் என்பது செவிவழிச் செய்தி.

மின்மோட்டார்கள் பெருகியதால் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏற்றம் வழக்கொழிந்தது.