கடலுக்குள் போட்ட கோடு

குற்றால சீசனில் மெயின் அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, துண்டைப் பிழிந்தபடி திரும்பும்போது என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா... உங்களை நனைத்த தண்ணீர் எங்கே போகிறது? சிற்றாறாகத் தென்காசியைத் தொட்டு, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மலையில் அரித்த மண்ணையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான்!

அந்தக் கடலில் கப்பலுக்கு ஒரு கோடு போட, நூற்றைம்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட கதைதான் இது.

இலங்கையைச் சுற்றாமல் கப்பல் போக வழி வேண்டும் என்று 1860-ல் முதல் திட்டத்தைக் கொடுத்தவர் கமாண்டர் டெய்லர் என்ற ஆங்கிலேயர். அப்புறம் ஆளுக்கொரு வரைபடம். சரி, வெட்டுவது எங்கே? பாம்பன் பக்கமா, ராமேஸ்வரம் தீவுக்குள்ளா, தனுஷ்கோடியைத் தாண்டி ஆதம் பாலத்திலா?

1955-ல் சர் ஏ.ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். மறுவருஷம் அறிக்கை வந்தது. 'ஆதம் பாலத்தை வெட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள், நிலத்தில் கால்வாய் வெட்டுங்கள்' என்பது அதன் சாரம். சுற்றுச்சூழல் என்ற வார்த்தை அதிகம் புழங்காத காலம் அது, கவனியுங்கள்!

ஆதம் பாலத்து மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவத்தில் ஒரு பக்கம் நகரும், வடகிழக்கில் எதிர்ப்பக்கம் திரும்பும். இன்றைக்குத் தோண்டினால் நாளைக்குத் தூர்ந்துவிடும். மறுபடி தோண்ட வேண்டும். தோண்டும்போதெல்லாம் கலங்கல் கிளம்பும். பவளப்பாறைக்கு வெளிச்சம் வேண்டும். சேறு படிந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கடற்புல்லுக்கும் அதே கதிதான். மீன்குஞ்சும் இறாலும் வளர்கிற தொட்டிலே அதுதான். அது போனால் வலை போடுகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது.

2004-ல் நாகபுரியின் 'நீரி' நிறுவனம் பல பாதைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஆதம் பாலத்தை ஊடுருவும் கோட்டைத்தான் சிபாரிசு செய்தது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள 21 பவளத் தீவுகளை விட்டு விலகிப் போகிறதே என்பது அதற்கு ஒரு நியாயம். காகிதத்தில் சரிதான். ஆனால், ஸ்கேல் வைத்துத் தூரத்தை அளக்கலாம், கலங்கல் போகிற தூரத்தை அப்படி அளக்க முடியுமா? அந்த வருஷக் கடைசியில் சுனாமி வேறு வந்தது. கால்வாய் வெட்டினால் அலை எந்தப் பக்கம் பாயும் என்று புதுசாக ஒரு கேள்வி முளைத்தது.

இருந்தும், 2005 ஜூலை 2-ம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் துவக்கிவைத்தார். நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர்.

ராமர் பாலம் என்ற நம்பிக்கை குறித்த வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஊரெல்லாம் அதைத்தான் பேசியது. மணலைப் பற்றிப் பேச ஆளில்லை! மாற்றுப் பாதையை ஆராய பச்சௌரி கமிட்டி வந்தது. பொருளாதாரத்துக்கும் கட்டாது, சூழலுக்கும் ஆகாது என்று அது சொன்ன முடிவு 2013-ல் நீதிமன்றத்தில் வெளியானது. ஆதம் பாலம் வழியாக வெட்டமாட்டோம் என்று 2018-ல் மத்திய அரசும் எழுதிக்கொடுத்தது.

2022 செப்டம்பரில், கடற்புல் மேய்கிற கடற்பசுவுக்காகத் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. நாலே மாசம்... 2023 ஜனவரியில், சேது கால்வாயைத் தாமதமின்றி வெட்டு என்று அதே அரசு சட்டசபையில் தீர்மானம் போட்டது.