மெய்யும் மெய்நிகரும்: சோரம் பற்றிய ஒரு வாசிப்பு

1

ஒருவன் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை உருவத்தை நடத்திக்கொண்டு போகிறான். அதற்கு அவன் வைத்த பெயர் வேறு, முகம் வேறு, வயது வேறு. அங்கே இன்னொருத்தி நடத்தும் இன்னொரு பொம்மையோடு அது பேசுகிறது, கொஞ்சுகிறது, படுக்கிறது. இவன் ஓர் ஊரில், அவள் வேறு நாட்டில். தொட்டுக்கொண்டதில்லை. இவனுடைய மனைவி பக்கத்து அறையில் தூங்குகிறாள். விஷயம் தெரியவரும்போது இவன் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'சும்மா விளையாட்டு. இதுக்குப் போய் இவ்வளவு அழுகையா?'

இது துரோகமா, இல்லையா என்ற கேள்வியைக் கம்ப்யூட்டரோடு பிறந்த கேள்வியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. உடம்பு தொடாத உறவு உறவாகுமா, மனசு கலக்காத உடம்பு குற்றவாளியாகுமா என்பதெல்லாம் நம் பிரதிகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புழங்கும் விவகாரங்கள். தமிழில் இது இன்னும் சிக்கலாகிறது. 'மெய்' என்றால் நமக்கு உண்மை; 'மெய்' என்றால் உடம்பும்கூட. ஆகவே 'மெய்நிகர்' உலகத்துச் சோரம் மெய்யானதா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. அது உண்மையா? அதில் உடம்பு இருக்கிறதா? உடம்பு இல்லையென்றால் உண்மையும் இல்லை என்று முடித்துவிடுவது சுலபம். யாருக்குச் சுலபம் என்பதுதான் பார்க்க வேண்டியது.

2

ரேணுகையின் கதையிலிருந்து தொடங்கலாம். ஜமதக்னியின் மனைவி. கற்பின் வலிமையால் சுடாத மண்ணில் குடம் வனைந்து தினமும் ஆற்றுநீர் கொண்டுவருகிறவள். ஒருநாள் வானத்தில் ஒரு கந்தர்வன் போகிறான். அவள் அவனைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் விழுந்த அவன் நிழலைத்தான் பார்த்தாள். 'என்ன அழகு' என்று மனசு ஒரு கணம் நின்றது. குடம் கரைந்துபோயிற்று. மகாபாரதத்தின் வனபர்வத்தில் இது வேறுமாதிரி வருகிறது: அங்கே அவள் பார்ப்பது ஆற்றில் தன் மனைவியரோடு நீராடும் ஓர் அரசனை. நிழலும் சுடாத மண்குடமும் நம் ஊர் வாய்மொழிக் கதைகளில் உள்ளவை.

பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தில் கண்ணாடியிலும் நீர்ப்பரப்பிலும் தெரிவதற்கு 'மாய பிம்பம்' என்று பெயர். ரேணுகை பார்த்ததும் ஒரு மாய பிம்பத்தைத்தான். இன்றைய மெய்நிகர் உறவில் அந்தப் பக்கத்தில் ஓர் ஆளாவது இருக்கிறார், பதில் பேசுகிறார். ரேணுகையின் விவகாரத்தில் அதுவும் கிடையாது. ஆனாலும் தண்டனை மெய்யாகவே வந்தது: கழுத்தை வெட்டச் சொன்னான் கணவன், வெட்டினான் மகன். சில வடிவங்களில் அவளைக் காப்பாற்ற வந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணும் சேர்த்து வெட்டுப்படுகிறாள். பிறகு உயிர் கொடுக்கும்போது தலையும் உடலும் மாறிப்போகின்றன. அப்படிப் பிறந்தவள்தான் மாரியம்மன் என்கிறது கதை. உயர்சாதிப் பெண்ணின் மனசில் ஓடிய ஒரு கணத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஒரு தலித் பெண் உடம்பைக் கொடுக்கிறாள். சாதியும் கற்பும் ஒரே கத்தியால் காவல் காக்கப்படுபவை என்பதை இதைவிட வெளிப்படையாக எந்தக் கோட்பாட்டு நூலும் சொல்லிவிடவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அகலிகை நிற்கிறாள். அங்கே உடம்பு உண்டு, ஆள்தான் பொய். இந்திரன் கௌதமனின் உருவத்தைப் போட்டுக்கொண்டு வருகிறான். வான்மீகியில் அவள் ஆளைத் தெரிந்தே இசைகிறாள். கம்பனில் நடுவில் உணர்ந்தும் விலகாதவளாகிறாள். ஆனால் அவள் நெஞ்சில் குற்றமில்லை என்ற பேச்சும் அதே கம்பனில் பின்னால் வருகிறது. மக்களிடம் வழங்கும் கதைகளிலோ ஒன்றும் அறியாமல் ஏமாந்தவள். தெரிந்தாலும், பாதி தெரிந்தாலும், தெரியாவிட்டாலும் சாபம் மட்டும் மாறவில்லை. புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் இந்த இடத்தைத்தான் தோண்டினார். ராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவருடைய அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

ஆக, மனசு மட்டும் போனாலும் தலை போகும். உடம்பு மட்டும் போனாலும் கல்லாக வேண்டும். இரண்டு கதவையும் சாத்திவிட்டு, 'கற்பு உடம்பிலா மனசிலா' என்று பட்டிமன்றம் நடத்துகிறோம்!

ஆணின் விஷயத்துக்கு வருவோம். மருதத் திணையில் தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்வருகிறான். மெய்யாகவே, உடம்போடு. கிடைக்கும் தண்டனை வாசலில் சிறிது நேரம் காத்திருப்பது. தோழியோ பாணனோ தூது பேசினால் கதவு திறக்கும். திருக்குறளின் புலவி நுணுக்கம் இன்னும் சுவையானது. பெண்களெல்லாம் உன் மார்பைக் கண்ணால் தின்கிறார்கள், அதை நான் தொடமாட்டேன் என்கிறாள் ஒருத்தி. கணவன் தும்மினால், உன்னை எவள் நினைத்தாள் என்று அழுகிறாள். தும்மலை அடக்கினாலும், எவளோ நினைப்பதை மறைக்கிறாய் என்று அழுகிறாள். பார்வை, நினைப்பு, நினைக்கப்படுதல் என்று தொடாத சோரத்தின் முழுப் பட்டியலும் இங்கே இருக்கிறது. ஆனால் எங்கே போய் முடிகிறது? ஊடலில், ஊடலுக்குப் பிறகு வரும் கூடலின் இன்பத்தில். ஆம்பளைமேல் மனசளவில் விழுந்த சந்தேகம் காமத்துக்குச் சுவை கூட்டுகிறது. பொம்பளையின் மனசில் விழுந்த நிழல் கொலையாகிறது.

எது மெய், எது விளையாட்டு என்பதைப் பிரிக்கும் கோடு உடம்புக்கும் மனசுக்கும் நடுவே போடப்பட்டதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே போடப்பட்டது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைப் பெரியார் கற்பு என்ற சொல்லிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

3

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1837இல் மெக்காலே தயாரித்த தண்டனைச் சட்ட வரைவில் சோரம் ஒரு குற்றமாக இல்லை. பின்னால் வந்த சட்ட ஆணையர்கள்தான் அதைச் சேர்த்தார்கள். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு அப்படி வந்தது. அதன்படி குற்றவாளி, அடுத்தவன் மனைவியோடு உடலுறவு கொண்ட ஆண் மட்டும். ஐந்தாண்டு வரை சிறை. கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. புகார் கொடுக்கும் உரிமையும் அந்தக் கணவனுக்குத்தான். பெண்ணைத் தண்டிக்காமல் விட்டது கருணையால் அல்ல. வேலி தாண்டியவனைத் தண்டிப்பார்கள்; நிலத்தையா தண்டிப்பார்கள்? 158 ஆண்டுகள் இந்தப் பிரிவு உயிரோடு இருந்தது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வீட்டில் இருந்த 498, திருமணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துப்போவது பற்றிய பிரிவு, 84 என்று எண் மாறி இன்னும் குடியிருக்கிறது.

விவாகரத்துச் சட்டத்திலும் சோரம் என்றால் உடலுறவுதான். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சோரத்தில் 'வாழ்ந்துகொண்டிருப்பதை'க் காரணமாக வைத்தது. 1976 திருத்தம் ஒருமுறை நடந்தாலும் போதும் என்றது. அதே திருத்தம்தான் கொடுமையையும் விவாகரத்துக்குக் காரணமாக்கியது. மெய்நிகர் உறவுகள் நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசல் இந்தக் 'கொடுமை'. உடம்பு தொடாததால் அது சோரம் ஆகாது. மனசைப் புண்படுத்தியதால் மனக்கொடுமை ஆகலாம்.

மேலைநாட்டுச் சட்டமும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. 1921இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு நீதிபதி, கணவனுக்குத் தெரியாமல் மனைவி செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொள்வதும் சோரமே என்றார். பிறப்புறுப்பு சேர்வது முக்கியமல்ல, கருத்தரிக்கும் சக்தியை இன்னொருவனிடம் ஒப்படைப்பதுதான் குற்றத்தின் சாரம் என்பது அவருடைய வாதம். 1958இல் ஸ்காட்லாந்தில் நீதிபதி வீட்லி இதை மறுத்தார்: இரண்டு உடம்புகள் இல்லாமல் சோரம் இல்லை. முதலாமவர் பேசியது சொத்தைப் பற்றி என்பது வெளிப்படை. வாரிசு யாருடையது என்ற கவலை அது. இரண்டாமவர் உடம்பைப் பிடித்துக்கொண்டார். ஏமாற்றப்பட்டவரின் வலி இரண்டு தீர்ப்பிலுமே மையமாக இல்லை.

4

கம்ப்யூட்டர் உலகம் இந்தப் பழைய கதைகளையெல்லாம் ஒன்றொன்றாக மறுபடி நடத்திக் காட்டியது. 1980இல் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம், முகம் தெரியாதவர்கள் எழுத்து வழியாக உடனுக்குடன் பேசிக்கொள்ளும் வசதியைத் திறந்தது. அங்கே 'ஜோன்' என்ற பெயரில், விபத்தில் ஊனமுற்ற பெண்ணாகப் பழகியவரிடம் பல பெண்கள் அந்தரங்கங்களைக் கொட்டினார்கள். கடைசியில் ஜோன் ஓர் ஆண் மனநல மருத்துவர் என்று தெரிந்தது. லின்ட்ஸி வான் கெல்டர் 1985 அக்டோபர் 'மிஸ்' இதழில் இதை எழுதினார். இந்திரனின் கதை இது. கௌதமன் வேஷத்துக்குப் பதில் தோழி வேஷம்.

1993இல் லாம்ப்டாமூ என்ற, எழுத்தால் மட்டுமே கட்டிய மெய்நிகர் வீட்டில், 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரம் ஒரு நிரலைக்கொண்டு மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் வசப்படுத்தி, அவர்கள் அருவருப்பான பாலியல் செயல்களைச் செய்வதாக எல்லார் முன்னாலும் எழுதிக் காட்டியது. திரையில் ஓடியது வெறும் வரிகள். அந்தப் பாத்திரங்களில் ஒன்றை நடத்திய பெண்ணுக்கு மெய்யான கண்ணீர் வந்தது. ஜூலியன் டிபெல் அந்த ஆண்டு டிசம்பரில் எழுதிய கட்டுரையால் இது உலகறிந்தது. 'எழுத்துதானே' என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது. சொல்லால் வன்முறை நடக்கும் என்று ஏற்றுக்கொண்டால், சொல்லால் உறவும் நடக்கும் என்று ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்.

2003இல் தொடங்கிய 'செகண்ட் லைஃப்' உலகத்தில் உருவம், உடை, வீடு, கல்யாணம் எல்லாம் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் ஒரு தம்பதியின் விவாகரத்து உலகச் செய்தியானது. இணையத்தில் சந்தித்து நிஜமாகவே மணந்துகொண்டவர்கள். கணவனின் பொம்மை ஒரு விலைமகள் பொம்மையோடு இருந்ததை மனைவி பார்த்தார். பிறகு அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு துப்பறிவாளரை அமர்த்திச் சோதித்தார். கடைசியில் அந்தப் பொம்மை வேறொரு பொம்மையோடு சோபாவில் கொஞ்சிக்கொண்டிருந்ததைக் கண்டபோது உறவு முறிந்தது. தவறொன்றும் செய்யவில்லை என்றார் கணவர். அப்போதைய ஆங்கிலச் சட்டப்படியும் அது சோரம் ஆகாது. இத்தனைக்கும் மனைவியை மிகவும் உடைத்தது அந்தச் சோபாக் காட்சிதான். விலைமகள் காட்சியில் உடம்பின் சாயலாவது இருந்தது. சோபாவில் இருந்ததோ பேச்சும் நெருக்கமும் மட்டும். அதாவது, அவர் அளந்தது உடம்பை அல்ல, தன்னிடமிருந்து எடுத்து வேறெங்கோ கொடுக்கப்பட்ட ஒன்றை.

5

இதற்கு நம்மிடம் வேறொரு அளவுகோல் இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் 'கற்பு' என்பது முதன்மையாகக் கரணத்தோடு கூடிய மணவாழ்க்கையைக் குறிப்பது. பொய்யும் தவறும் தோன்றிய பிறகே கரணம் ஏற்படுத்தப்பட்டது என்று அதற்கு ஒரு வரலாற்றையும் அது சொல்கிறது. அகநானூற்றின் 256ஆம் பாட்டில் கள்ளூர்ச் சம்பவம் ஒன்று வருகிறது. ஒரு பெண்ணைக் கூடியவன், அவளை அறியேன் என்று பொய்ச்சத்தியம் செய்கிறான். அவை கூடிச் சாட்சிகளை விசாரித்து உண்மை தெரிந்ததும், அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். நம் சோரக் கதைகளில் தண்டனை ஆணின்மேல் விழும் அபூர்வமான இடம் இது. அவன் எங்கே, யாரைத் தொட்டான் என்பது அங்கே குற்றமாகப் பேசப்படவில்லை. குற்றம், பொய்ச்சூள்.

சோரம் பற்றி இரண்டு சொல்லாடல்கள் இருக்கின்றன. ஒன்று தீட்டு, சொத்து, வாரிசு பற்றியது. அதற்குப் பெண்ணின் உடம்பும் மனசும் எப்போதும் காவலுக்குரியவை. மற்றது கொடுத்த வாக்கைப் பற்றியது. மெய்நிகர் உறவை முதலாவதின்படி விசாரித்தால் கண்காணிப்பில்தான் போய் முடியும். நடப்பதும் அதுதான். 2012 ஜூலையில் உத்தரப் பிரதேசத்து அசாரா கிராமப் பஞ்சாயத்து பெண்கள் வெளியே செல்போன் பேசக்கூடாது என்றது. ஆண்களின் செல்போனைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவுசெய்த பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் பார்வையில் இருவருக்கும் சமமான வசதி. ஆனால் நம் வீடுகளில் போனின் பூட்டைத் திறந்து காட்டச் சொல்வது பெரும்பாலும் யார், காட்டுவது யார்?

இரண்டாவது சொல்லாடலின்படி பார்த்தால் கேள்வி எளிமையாகிறது. வாக்கு இருந்ததா? மறைத்தானா, மறைத்தாளா? மறைத்தது மற்றவரின் வாழ்க்கைமீது நடத்திய ஏமாற்றா? ஆம் என்றால் அது துரோகம்தான். தொட்டது பொம்மையா ஆளா என்பது முக்கியமில்லை. இல்லை என்றால், இருவரும் அறிந்தே விளையாடினால், மூன்றாமவர் யாருக்கும் அங்கே வேலையில்லை. 'சும்மா விளையாட்டு' என்று தப்பிக்கிறவனையும் இது விடாது; நிழலைப் பார்த்தாள் என்று கத்தி எடுக்கிறவனையும் விடாது.

இதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. வாக்கு என்பது சமமானவர்களுக்கு இடையில்தான் வாக்கு. ஒருத்தியைக் கேட்காமலே அவள்மேல் சுமத்தியதை அவள் கொடுத்த வாக்கு என்று சொல்லமுடியாது. சாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, பெண்ணின் வாயைத் திறக்கவிடாமல் நடக்கும் கல்யாணங்களில் எத்தனை பெண்கள் மெய்யாகவே சூள் உரைத்திருக்கிறார்கள்? ராத்திரியில் சமையலறை வேலை முடிந்த பிறகு முகம் தெரியாத ஒருவரோடு பத்து நிமிஷம் பேசுகிறவளைப் பார்த்துத் 'துரோகி' என்று சொல்வதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லவேண்டும். ரேணுகை நிழலைப் பார்த்தாளா, ஆசைப்பட்டாளா என்று இத்தனை நூற்றாண்டுகளாக விசாரித்துவிட்டோம். அவள் கையில் சுடாத குடத்தைக் கொடுத்துத் தண்ணிக்கு அனுப்பியவனை இன்னும் யாரும் விசாரிக்கவில்லை.