பிரசவத் தொட்டி வந்த பாதை

அது முதலில் ஒரு விளையாட்டுப் பொருள். காற்றடித்து, தண்ணீர் நிரப்பி, வெயில் நாளில் சின்னப் பிள்ளைகளை இறக்கிவிடுவார்களே, அந்தத் தொட்டி. 1977இல், பாரிசுக்குத் தெற்கே பித்திவியே என்ற சிறு நகரத்தின் அரச ஆஸ்பத்திரியில் மிஷெல் ஓதான் என்ற வைத்தியர் அப்படி ஒன்றை வாங்கிப் பிரசவப் பகுதிக்குள் வைத்தார். பிள்ளையைத் தண்ணீருக்குள் பிறக்கவைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. நோ கடுமையாகி, கருப்பைவாய் திறப்பது தாமதித்து, தாய் களைத்துப்போகும் நேரத்தில் ஊசிக்கு ஓடாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் அவளைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். தண்ணீருக்குள் இறங்கிய தாய்மாரில் சிலருக்கு வெளியே வர மனமில்லை, சிலருக்கு நேரமில்லை. பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. அப்படி நூறு பிள்ளைகள் பிறந்த பின், 1983இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் அதை எழுதினார்.

பித்திவியே நகரத்துக்கு அதற்கு முன்னும் ஒரு பெயர் இருந்தது. 1941இல் அங்கே யூதர்களுக்கான தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. 1942 கோடையில் பாரிசில் பிடிபட்ட தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். தாய்மாரை முதலில் பிரித்து அவுஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள், பிள்ளைகள் பிறகு அனுப்பப்பட்டார்கள். முப்பத்தைந்து வருடங்கள் கழித்து அதே ஊரின் பெயர், தாயின் கையில் பிள்ளையை மெதுவாகக் கொடுக்கும் முறைக்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முள்வேலிக்குள் நாட்களைக் கழித்த எங்கள் வன்னிச் சனத்துக்கு இந்த விவரம் வாசித்துக் கடந்துபோகிற ஒன்றாக இருக்க முடியாது. அதனால்தான் தொட்டியின் கதையை அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஐரோப்பிய மருத்துவ ஏட்டில் தண்ணீர்ப் பிரசவம் ஓதானுக்கும் முந்தியது. 1803இல் பிரான்சில் இரண்டு நாளாக நோவெடுத்தும் பெறமுடியாமல் தவித்த ஒரு தாய், ஆறுதலுக்காகக் குளிதொட்டியில் இறங்கியவுடன் பிள்ளை பிறந்ததாக ஒரு வைத்தியர் பதிவு செய்திருக்கிறார். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960களில் மொஸ்கோவில் இகோர் சார்க்கோவ்ஸ்கி இதில் இறங்கினார். ஆனால் அவருடைய வழிகள் பலவற்றை இன்றைய வைத்தியர்கள் ஏற்கமாட்டார்கள்.

பிள்ளை மூச்சு முட்டாதா என்பதுதான் எந்தத் தாயும் முதலில் கேட்பது. கருப்பைக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒட்சிசன் தொப்புள்கொடி வழியாகவே போகிறது. வெளியே வந்த பிறகும் கொடி துடிக்கும்வரை அந்த வழி உடனே அடைபடுவதில்லை. முகத்தில் காற்றும் குளிரும் படும்போதுதான் ஆரோக்கியமான பிள்ளை முதல் மூச்சை இழுக்கிறது. தாயின் உடற்சூட்டிலேயே தண்ணீர் இருந்தால் அந்தத் தூண்டுதல் வராது. ஆனால் கருப்பைக்குள்ளேயே ஒட்சிசன் குறைந்து திணறிய பிள்ளை தண்ணீருக்குள்ளேயே மூச்சிழுக்கக்கூடும். அதனால் தொட்டியில் இருக்கும்போதும் பிள்ளையின் இதயத்துடிப்பைத் தண்ணீருக்குள் வேலைசெய்யும் கருவியால் ஒழுங்காக இடைக்கிடை கேட்க வேண்டும். பிறந்ததும் உடனே முகத்தை மேலே எடுக்க வேண்டும். தலை ஒருதடவை வெளியே காற்றைக் கண்டுவிட்டால் திரும்பத் தண்ணீருக்குள் விடக் கூடாது.

பிரான்சில் இருந்து தொட்டி வடக்கே போனது. 1992இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, இயன்ற இடங்களில் எல்லாப் பிரசவ விடுதிகளும் தொட்டி வசதியைத் தாய்மாருக்கு வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுவிசின் ஃப்ராவன்ஃபெல்ட் ஆஸ்பத்திரி 1991 முதல் தண்ணீர்ப் பிரசவங்களை நடத்தி, ஒவ்வொன்றையும் பதிவு செய்து, தண்ணீருக்கு வெளியே நடந்த பிரசவங்களோடு ஒப்பிட்டது. விளையாட்டுத் தொட்டி போய், தரையில் பொருத்திய ஆழமான தொட்டியும், ஒவ்வொரு தாய்க்கும் புது உறை மாற்றும் காற்றடித் தொட்டியும் வந்தன.

தொட்டி அங்கே ஆஸ்பத்திரிச் சாமானாக மாறிய அந்த 1990களில், போர் நடந்த வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் பல மருந்துகளுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் மருத்துவிச்சியின் கையில் பிறந்தவர்கள் இன்று எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்குத் தகப்பன், தாய். கடுமையான கேஸ் என்றால் உழவு இயந்திரத்தில் ஏற்றி, பிறகு வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் காவலரணில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரி 4ஆம் திகதி, எறிகணைகள் விழுந்த புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி கைவிடப்பட்டது. புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானது. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் அந்தக் கரையிலிருந்து நோயாளரும் உடன் சென்றோருமாகச் சுமார் 14,000 பேரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. வயிற்றில் பிள்ளையோடு அந்தக் கடலுக்குள் இறங்கிப் படகேறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதுங்குகுழியில் பிள்ளை பெற்றவர்களுக்குக் குளிக்க வார்க்கவும் தண்ணீர் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பதினாறு வயது கடந்துவிட்டது. வன்னியில் பிரசவத்தில் ஒரு தாய்க்கு என்ன தெரிவு வேண்டும் என்று பேசும் எவரும் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மற்ற இடங்களில் வசதி என்று சொல்லப்படுவது இங்கே ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் தரப்படாமல் போன மரியாதை.

இதே காலத்தில் தொட்டியின் பாதையும் எங்கள் சனத்தின் பாதையும் வெளியில் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டன. வன்னியிலிருந்து போனவர்கள் குடியேறிய லண்டனிலும் சுவிசிலும்தான் தொட்டியும் ஆஸ்பத்திரிகளுக்குள் நுழைந்தது. அங்கே பிள்ளை பெறப்போகும் தங்கைக்கோ மச்சாளுக்கோ, தண்ணீரில் இருக்க விருப்பமா என்று மருத்துவமாது கேட்பது வழமையான ஒன்று. அந்தப் படங்கள் கைபேசி வழியாகக் கிளிநொச்சிக்கும் முள்ளியவளைக்கும் வந்துவிடுகின்றன. இங்கேயும் செய்யலாமா என்று ஒரு தாய் கிளினிக்கில் கேட்டால், அது நியாயமான கேள்வி. சிரித்துத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது இதுதான். நோவெடுக்கும் முதற்கட்டத்தில் தண்ணீரில் இருந்தால், முதுகுத்தண்டில் போடும் வலிமருந்து தேவைப்படுவோர் குறைகிறார்கள். 15 பரிசோதனைகளையும் 3,663 பெண்களையும் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு இதைச் சொல்கிறது. பிள்ளை தண்ணீருக்குள்ளேயே பிறப்பது பற்றித்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கம் 2016இல், முதற்கட்டத்துக்குத் தண்ணீர் சரி, பிறப்பு வெளியே நடக்கட்டும் என்றது. பிரித்தானியாவில் 26 சுகாதார அமைப்புகளில் 2015 முதல் 2022 வரை தொட்டியைப் பயன்படுத்திய தாய்மாரின் பதிவுகளைப் பார்த்த பெரிய ஆய்வு, சிக்கல் இல்லாத தாய்மாருக்குத் தண்ணீரில் பெறுவது வெளியே பெறுவதைவிட ஆபத்துக் கூடியதாக இல்லை என்று கண்டது. கொடி அறுந்துபோவது மட்டும் தண்ணீரில் சற்றுக் கூடுதல். அதைக் கண்டவுடன் இறுக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, குறைமாதம், கால்மாறிக் கிடக்கும் பிள்ளை, காய்ச்சல், இரத்தப்போக்கு இருப்பவர்களுக்குத் தொட்டி இல்லை. வன்னியில் கர்ப்பகாலச் சலரோகமும் இரத்தச்சோகையும் உள்ளவர்களைத் தனியாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இனித் தண்ணீர். ஒரு பிரசவத் தொட்டிக்கு 500 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். பத்து லீற்றர் வாளியால் ஐம்பது வாளி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகையை ஒட்டி இருக்கிறது. அதை 37க்குக் கொண்டுவர ஆறு யூனிற்றுக்கும் குறைவான மின்சாரம் போதும். ஐரோப்பாவின் குளிர்ந்த குழாய்த் தண்ணீருக்கு இதைவிட மூன்று மடங்கு தேவைப்படும். கூரையில் சூரியச் சூடேற்றி வைத்தால் இதுவும் மிச்சம். சூட்டைப் பொறுத்தவரை வன்னி கொடுத்துவைத்த இடம். எல்லை ஒன்று உண்டு. 37.5 பாகைக்கு மேலே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் உடற்சூடு ஏறும். சித்திரை வெயிலில் காற்றே வராத அறையில் அது விரைவாக நடந்துவிடும்.

சுத்தம்தான் பெரிய வேலை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோய்க்குப் பயந்து சனம் சுத்திகரித்த தண்ணீரை வாங்கிக் குடிக்கிறது. குளிக்கும் தண்ணீருக்கு அந்தப் பயம் பொருந்தாது. இங்கே பார்க்க வேண்டியது கிருமி. 2014இல் இங்கிலாந்தில், முன்கூட்டியே நிரப்பிச் சூடாக வைத்திருந்த வீட்டுத் தொட்டியில் பிறந்த ஒரு பிள்ளைக்கு லெஜியோனெல்லா கிருமித் தொற்று வந்தது. சுகாதாரத் துறை அந்த வகைத் தொட்டிகளை உடனே நிறுத்தச் சொன்னது. இளஞ்சூட்டில் தேங்கும் தண்ணீர் அந்தக் கிருமிக்கு வளரும் இடம். எங்கள் வெயிலில் மேல்நிலைத் தாங்கியில் கிடக்கும் தண்ணீரும் அப்படியே. குளோரின் இட்ட தண்ணீர், தேவைப்படும்போது மட்டும் நிரப்புதல், ஒவ்வொரு தாய்க்குப் பிறகும் முற்றாக வெளியேற்றித் தேய்த்துக் கழுவுதல், இவை இல்லாமல் தொட்டியைக் கொண்டுவரவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியில் ஒரு தாய் இருக்கும்வரை ஒரு மருத்துவமாது அவளைவிட்டு நகர முடியாது. இலங்கையின் பலமே மருத்துவமாதுதான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் வீடு தேடி வந்த மிட்வைப்மாரும் சேர்ந்துதான், 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000ஐ ஒட்டி இருந்த தாய் மரணத்தை இன்று முப்பதளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. 2018 முதல் வடக்கிலும் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் ஓடுகிறது. 2024இல் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. லேபர் ரூமில் ஒரு தாய்க்கு ஒருவர் என்ற அளவுக்கு ஆள் வரவேண்டும். அதற்கு முன் தொட்டி வந்தால் அது சாமான் அறையில் தூசி பிடிக்கும்.

அதனால் நான் கேட்பது தொட்டியை அல்ல, அதற்குள் இருக்கும் வெந்நீரை. லேபர் ரூமுக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர் வரும் ஒரு ஷவர், கீழே ஒரு கதிரை, பிடித்துக்கொள்ள ஒரு கைபிடி. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள், விரும்பிய ஒருவரைத் துணைக்கு வைத்திருப்பதையும், நோவெடுக்கும்போது நடமாடுவதையும், வலிக்குச் சூட்டு ஒத்தடத்தையும் ஏற்கின்றன. பிள்ளை வெளியே வரும் நேரத்தில் கீழே சூட்டு ஒத்தடம் வைத்தால் கிழிவு குறையும் என்றும் சொல்கின்றன. ஒத்தடம் பிடிக்க எங்கள் தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆமணக்கிலையும் நொச்சியும் பாவட்டையும் அவித்து வேது வார்த்துப் பிள்ளைப்பெத்தவளைத் தேற்றியவர்கள் அவர்கள். அந்தச் சூடு பிள்ளை பிறந்த பிறகுதான் கிடைத்தது. அதை நோவெடுக்கும் நேரத்துக்கே கொண்டுவர முடியும்.

வீட்டில் தொட்டியை நிரப்பித் தானே முயல்வது உயிரோடு விளையாடுவது. அதை யாரும் செய்ய வேண்டாம். கிளினிக்குக்குப் போகும் தாய் தன் மிட்வைப்பிடம் இப்போதே கேட்கக்கூடியவை உண்டு: லேபர் ரூமில் அம்மாவையோ அக்காவையோ பக்கத்தில் வைத்திருக்கலாமா, நோவோடு எழும்பி நடக்கலாமா, முதுகுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் வைப்பீர்களா, குளிக்க விடுவீர்களா. முப்பத்தாறாம் கிழமைக்கு முன்னமே கேட்பது நல்லது. போகப்போகும் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லையென்றால், இருக்கும் இடத்தை விசாரிக்க அப்போது நேரம் இருக்கும்.