தெற்கத்தி மாடு வந்த காடு

எங்கள் பக்கம் ஒருத்தர் "காட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் யாரும் கேமராவைத் தேட மாட்டார்கள், சொம்பைத்தான் தேடுவார்கள். இல்லாவிட்டால் ஊரில் சாவு, சுடுகாட்டுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். போலகம் கடைமடை ஊர். வயல், வாய்க்கால், வரப்பில் நாலு பனைமரம், கிழக்கே போனால் கடல். ஏறி நின்று பார்க்க ஒரு குன்றுகூடக் கிடையாது. லீவுக்கு வருகிற சென்னைப் பிள்ளைகள், "மாமா, பக்கத்துல ஃபாரஸ்ட் இருக்கா, ட்ரெக்கிங் மாதிரி நடக்கணும்" என்று கேட்டால் நான் தெற்கே கையைக் காட்டுவேன். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் தாண்டி வேதாரண்யம். அங்கிருந்து இன்னும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் போனால் கோடிக்கரை. நாங்கள் புதுச்சேரி மாநிலம், அது தமிழ்நாடு. ஆனால் எங்கள் வயலுக்கும் அந்தக் காட்டுக்கும் இருக்கிற உறவு இந்த எல்லைக்கோட்டுக்கெல்லாம் முந்தியது. அதைத் தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோடி என்றால் முனை. வடக்கே இருந்து நேராக இறங்கி வருகிற கரை இங்கே வந்து சட்டென்று மேற்கே திரும்பும். அந்த மூலையில்தான் காடு. வெள்ளைக்காரன் வரைபடத்தில் இதற்குப் பாயிண்ட் காலிமர் என்று பேர். பக்கத்தில் கள்ளிமேடு என்று ஒரு ஊர் இருக்கிறது, அந்தப் பேர்தான் அவன் வாயில் காலிமர் ஆனது என்று பழைய அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். வேதாரண்யத்துக்குத் தேவாரத்தில் திருமறைக்காடு என்று பேர். ஆக, ஊர்ப் பேரிலேயே காடு இருக்கிறது. கோடிக்கரையில் குழகர் கோயில். சுந்தரர் சேரமான் பெருமாளோடு இங்கே வந்தவர், கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில் இப்படித் தனியாக இருக்கிறீரே என்று சுவாமியைப் பார்த்து வருத்தப்பட்டுப் பாடியிருக்கிறார். அதாவது ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாலும் இது ஆள் நடமாட்டம் குறைந்த காட்டோரம்தான்.

காட்டுக்குள்ளே இருப்பதிலேயே உயரமான இடம் ராமர் பாதம். உயரம் என்றதும் மலையை நினைத்துவிடாதீர்கள், ஒரு மணல்மேடு. மேலே சின்னதாக ஒரு மண்டபம், உள்ளே கல்லில் இரண்டு பாதம். ராமர் இந்த மேட்டில் நின்று இலங்கையைப் பார்த்தாராம். இங்கிருந்து போனால் ராவணனின் அரண்மனைக்குப் பின்பக்கமாக நுழைகிற மாதிரி ஆகிவிடும், அது வீரனுக்கு அழகில்லை என்று சொல்லிவிட்டு ராமேஸ்வரத்துக்குப் போனாராம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் காற்றில் படிந்துபோன மரத்தலைகள், அதற்கப்பால் உப்புச் சதுப்பு, அவ்வளவுதான். தட்டையாகவே பார்த்து வளர்ந்த எங்கள் கண்ணுக்கு அதுவே பெரிய காட்சி.

எங்கள் டெல்டா ஜனம் இந்தக் காட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஆதிசேது என்று சொல்லி முழுக்குப் போடவும், செத்துப்போன அப்பன் பாட்டனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கவும் போனார்கள். வண்டி கட்டிக்கொண்டு, புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போவது. நீங்கள் பிக்னிக் என்று சொல்வதைச் செய்யத்தான் செய்தார்கள், ஆனால் தர்ப்பணம் முடிந்த பிறகு. அப்புறம் மீட்டர் கேஜ் ரயில் கோடிக்கரை வரைக்கும் ஓடியது. அதுவும் நின்றுபோய், இப்போது 2023 ஏப்ரலிலிருந்து அகலப்பாதை ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது.

முழுக்கை விட எங்களுக்கு முக்கியமான உறவு மாடு. எங்க அப்பா காலத்தில் உழவு மாடு என்றால் தெற்கத்தி மாடுதான். இப்போது புத்தகத்தில் உம்பளச்சேரி இனம் என்று போடுகிறார்கள். உம்பளச்சேரி தலைஞாயிறு பக்கத்தில் இருக்கிற ஊர். எங்களுக்கு அது தெற்கு, அதனால் தெற்கத்தி மாடு. காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் சொல்வோம். கன்று பிறக்கும்போது செவலை, சில மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் வெள்ளை. ஆள் குள்ளம், ஆனால் முழங்கால் சேற்றில் மத்தியானம் வரைக்கும் உழும். பெரிய மலைமாட்டைக் கொண்டுவந்து எங்கள் சேற்றில் இறக்கினால் அரை மணி நேரத்தில் படுத்துவிடும்.

வயலெல்லாம் நடவாகி நிற்கிற மாசங்களில் டெல்டாவில் மாட்டுக்கு மேய்ச்சல் ஏது? அந்தக் காலத்தில் மந்தையைத் தெற்கே வேதாரண்யம், கோடிக்கரைப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். காட்டோரமும் சதுப்போரமும் மேய்ந்து, அறுப்பு முடிந்ததும் திரும்பி வந்து தரிசில் கிடை போடும். அங்கே முளைக்கிற உப்பருகுப் புல்தான் இந்த மாட்டுக்கு வலுவைக் கொடுத்தது என்பார்கள் பெரியவர்கள். ஆக அந்தக் காட்டுப் புல் எருவாகி எங்கள் நெல்லில் ஏறியிருக்கிறது.

இது எப்படி அறுந்தது என்று கேட்டால், ஒரே நாளில் அறுந்ததில்லை. 1882ஆம் வருஷத்தில் இரண்டு சட்டம் வந்தது. ஒன்று இந்திய உப்புச் சட்டம், இன்னொன்று மதராஸ் வனச் சட்டம். உப்பு அள்ளினாலும் குற்றம், ரிசர்வ் என்று எழுதிய காட்டில் விறகு பொறுக்கினாலும் மாடு ஓட்டினாலும் குற்றம். உப்புக்காக 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது உங்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதே 1930இல் மத்திய மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் வனச் சட்டத்தை மீறிப் புல் அறுத்து, மரம் வெட்டி, காட்டு சத்தியாகிரகம் நடந்தது. அதைப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். உப்பு அள்ளிய இடத்துக்குத் தூண் நட்டு வைத்திருக்கிறோம். அங்கிருந்து தெற்கே நடக்கிற தூரத்தில்தான் அந்தக் காடு ஆரம்பிக்கிறது. (காரைக்கால் பிரெஞ்சுக்காரனிடம் இருந்ததே, தப்பித்தீர்களா என்று கேட்காதீர்கள். 1815இலேயே வருஷத்துக்கு நாலு லட்சம் ரூபாய்க்கு எங்கள் உப்பை இங்கிலீஷ்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.)

சுதந்திரத்துக்குப் பிறகு, 1967இல் கோடிக்கரை சரணாலயம் ஆனது. காரணம் வெளிமான். முறுக்கின கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. சென்னைக்காரர்கள் கிண்டியில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் நாடு முழுக்க மந்தை மந்தையாக இருந்ததை வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மிச்சம் இருக்கிற பெரிய கூட்டம் இங்கேதான். சாலிம் அலியும் அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இங்கே வந்து பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் போட்டு விட்டார்கள். அப்புறம்தான் இந்தச் சதுப்புக்கு எங்கெங்கிருந்து பறவை வருகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இதையெல்லாம் நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். வேலி போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அந்த இடம் முழுக்க இறால் குட்டையாகவும் ப்ளாட்டாகவும்தான் இருக்கும். எங்கள் கரையைப் பார்த்தவனுக்கு அது தெரியும்.

மாடு மேய்ந்தால் மானுக்குப் புல் குறையும் என்பது வன இலாகா கணக்கு. அதிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ராஜஸ்தானில் பரத்பூர் என்று பேர்போன பறவைக் காடு இருக்கிறது. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தபோது போலீஸ் சுட்டதில் உயிரே போனது. அப்புறம் இதே பம்பாய்க் கழகத்தார் வருஷக்கணக்கில் ஆராய்ந்து பார்த்தபோது, எருமை போனதால் புல் மண்டித் தண்ணீரை அடைத்து, பறவைக்கே கெடுதலாகிவிட்டது என்று தெரிந்தது. கோடிக்கரை வேறு மண், வேறு கதை. இருந்தாலும் மாட்டை எதிரி என்று முடிவு கட்டுமுன் அந்தக் கதையை ஒருதடவை கேட்டுவிடலாம்.

மாட்டை விடப் பெரிய எதிரி உள்ளேயே வளர்கிறது, சீமைக்கருவேல். வெளிமான் பேரிலேயே விஷயம் இருக்கிறது, அது வெட்டவெளியில் ஓடிப் பிழைக்கிற மான். முள் மண்டினால் அதற்கு ஓட இடமில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது. கடல் காட்டுக்குள் புகுந்தது, பழைய பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அடுத்த நாட்களில் எங்கள் காரைக்கால் கடற்கரையில் மான்களின் உடல்கள் ஒதுங்கின. அவ்வளவு தூரம் அலை இழுத்து வந்திருக்கிறது. கோடிக்கரைக்கே போகாத எங்கள் ஜனம் அதன் மானை அன்றைக்குத்தான் பார்த்தது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட இடிபாட்டை அதற்கு முன்னாலேயே 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது.

பறவை பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசி பிறந்து தை வரைக்கும் போங்கள். மழை அடித்தால் உள்ளே சேறு, விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. சோறு கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் குரங்குக்குப் போடாதீர்கள், பிளாஸ்டிக் இலையை விட்டுவிட்டு வராதீர்கள். மட்டக்குதிரை கூட்டமாகத் திரியும், கிட்டே போய் செல்ஃபி வேண்டாம். பறவை வேண்டாம், பழம் போதும் என்பவர்கள் கோடை முற்றுகிற மாசத்தில் போங்கள். உலக்கைப் பாலை பழுத்திருக்கும். மஞ்சளாக, வேப்பம்பழம் அளவுதான். வேதாரண்யம் பக்கம் ரோட்டோரத்தில் பெண்கள் கூறு வைத்து விற்பார்கள். அதிகம் தின்றால் உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும், பேச முடியாது.